நூறு வருஷம் வரை நெகடிவ் காத்திருக்காது

தமிழ்நாடு அரசு அருங்காட்சியகங்கள் துறை ஆணையர் அவர்களுக்கு, புதுக்கோட்டையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த பிறகு எங்கள் ஸ்டுடியோவின் மாடி அறையைத் திறந்தேன். கதவைத் தள்ளியதும் ஊறுகாய்க் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு புளித்த வாடை. யார் எதைக் கொட்டி வைத்தார்கள் என்று தேடினேன். மூன்றாவது பீரோவின் அடித்தட்டில் 19 என்று எண் போட்ட பிஸ்கட் டின் ஒன்று. மூடியைத் திறந்ததும் வாடை மூக்கில் ஏறியது. உள்ளே 1970களில் அப்பா எடுத்த நெகடிவ்கள். பல, பொரிக்காத அப்பளம் வெயிலில் வளைவது போல வளைந்திருந்தன. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. பெண்ணின் நெற்றியிலிருந்து தாடை வரை படலம் சுருங்கி வாய்க்கால் வாய்க்காலாகப் பிளந்திருந்தது. குழந்தையின் முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

இது என்ன நோய் என்று தொழிலில் இருக்கும் எங்களுக்குத் தெரியும். பிலிமின் அடித்தாள் அசிடேட் என்ற ஒரு வகைப் பிளாஸ்டிக். வெக்கையும் ஈரமும் சேர்ந்து அடித்தால் அது உள்ளுக்குள் சிதைந்து அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். வினிகரில், அதாவது காடியில், இருப்பதும் அதே அமிலம்தான். ஒரு டின்னில் ஒரே ஒரு நெகடிவ் தொடங்கி வைத்தால் போதும், அந்த ஆவி பக்கத்தில் இருப்பதையும் பிடித்துக்கொள்ளும். மூடி இறுக்கமாக இருந்தால் இன்னும் வேகம். பூச்சி அண்டக் கூடாது என்று அப்பா நல்ல இறுக்கமான டின்களாகக் கடை கடையாகத் தேடி வாங்கினார். அவர் செய்த காவலே அவற்றுக்கு எமனாகிவிட்டது.

அந்த அறைக்காகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அப்பா இந்தக் கடையை 1962இல் தொடங்கினார். நான் 1985இல் ப்ளஸ் டூ முடித்த கையோடு, பிலிம் கழுவும் டார்க்ரூமுக்குள் போனேன். இப்போது எனக்கு 57 வயது. இந்த 40 வருஷத்தில் நான் வேறு வேலை பார்த்ததில்லை. கல்யாண வீடுகளுக்கு என் கணவர் போவார். நாற்காலியில் ஆளை உட்கார வைத்து முகம் எடுப்பது என் வேலை. பெண் போட்டோ எடுக்கிறாள் என்பதாலேயே எங்கள் கடைக்கு வந்த குடும்பங்கள் நிறைய. முக்காட்டைத் தளர்த்தி உட்கார வேண்டுமென்றால் அறைக்குள் ஆண் இருக்கக் கூடாது என்று சொன்ன அம்மாக்களுக்கு அந்த நாளில் வேறு இடம் கிடையாது.

மாடி அறையில் இருப்பவை: அப்பா தொழில் பழகிய திருச்சி ஸ்டுடியோவின் முதலாளி அவருக்குக் கொடுத்துவிட்ட இரண்டு பெட்டி கண்ணாடி நெகடிவ், அப்பா மரக் கேமராவில் எடுத்த பெரிய ஷீட் பிலிம், அப்புறம் பீரோ பீரோவாக 120 சைஸ் ரோல் பிலிம். மரக் கேமரா ஆலப்புழையில் தேக்கில் செய்த வாகீஸ்வரி. துருத்தி இன்னும் கிழியவில்லை. பிலிம் சில வருஷம் வெளிநாட்டுச் சரக்கு, சில வருஷம் ஊட்டியில் நம் அரசே நடத்திய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து'. அந்தத் தொழிற்சாலையும் இப்போது இல்லை. இவற்றோடு 41 நோட்டுப் புத்தகங்கள். ஒவ்வொரு வரியிலும் நெகடிவ் எண், பெயர், ஊர், சைஸ், எத்தனை காப்பி, அட்வான்ஸ், பாக்கி. 2007இல் நாங்கள் முழுக்க டிஜிட்டலுக்கு மாறிய அன்று போட்ட கடைசி எண் 68,412.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, இதை எங்கேயாவது ஒப்படைக்க முடியுமா என்று கேட்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்ல விரும்பவில்லை; அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்தார். கடைசியில் சொன்னார்: "நூறு வருஷம் ஆகணும்மா. அப்பத்தான் அது தொல்பொருள். உங்களோடது எல்லாம் நேத்து எடுத்தது."

அவர் சொன்னதில் தவறில்லை. 1972ஆம் வருஷச் சட்டத்தில் தொல்பொருளுக்கு 100 வருஷம் என்றுதான் இருக்கிறது. கையெழுத்துப் பிரதி, ஆவணம் என்றால் 75. ஆனால் அந்தச் சட்டம் தொல்பொருள் விற்பனையை ஒழுங்குபடுத்தவும் வெளிநாட்டுக்குக் கடத்துவதைத் தடுக்கவும் வந்தது. நூறு வருஷத்துக்குக் குறைந்த எதையும் அருங்காட்சியகம் வாங்கி வைக்கக் கூடாது என்று அதில் எங்கேயும் சொல்லவில்லை. கல்வெட்டு நூறு வருஷம் காத்திருக்கும், ஐம்பொன் சிலை ஆயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்து எழுந்து வரும். எங்கள் ஊர் வெக்கையில், ஓட்டு வீட்டு மாடியில், ஒரு அசிடேட் நெகடிவ் 50 வருஷம் தாங்கினால் பெரிய விஷயம். அது தொல்பொருளாகும் நாளில் டின்னுக்குள் காடியும் தூளும்தான் இருக்கும்.

ஐயா, அல்லது அம்மா, அந்தப் பீரோக்களுக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

பூ ஜடை தைத்த பெண்கள் இருக்கிறார்கள். சடங்குக்கும் வளைகாப்புக்கும் மல்லிகையும் கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் வைத்துத் தைத்து, தலை கனக்க, ஆட்டோவில் குனிந்தபடி வந்து இறங்குவார்கள். முகமும் தெரிய வேண்டும், பின்னால் ஜடையும் தெரிய வேண்டும். அதற்காக எங்கள் கடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. அதைப் பெண்ணுக்குப் பின்னால் சாய்த்து, கேமராவும் நானும் அதற்குள் விழாமல் கோணம் பிடிக்க வேண்டும். ஒரு விரல் அளவு கண்ணாடியைத் திருப்பினால் விளக்கு உள்ளே வந்துவிடும். கையில் எலுமிச்சம்பழம், பக்கத்தில் பூச்சாடி, பின்னால் அப்பா தஞ்சாவூர் ஓவியர் ஒருவரிடம் எழுதி வாங்கிய மாடிப்படி சீன். ஊரில் மாடி வீடு இல்லாத பெண்களெல்லாம் அந்த மாடிப்படிக்கு முன்னால்தான் நிற்பார்கள்.

வெளிநாட்டுக்குப் போனவர்களுக்காக எடுத்த படங்கள் இருக்கின்றன. எங்கள் மாவட்டத்துக்காரர்கள் சிங்கப்பூர், மலேசியா என்று போய், பிறகு சவுதி, குவைத், துபாய் என்று போனார்கள். போகும்போது பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வருவார்கள். ஏழு மாதம், எட்டு மாதம் கழித்து மனைவி குழந்தையோடு வருவார். "அவுங்க இன்னும் பாக்கல, மூஞ்சி நல்லா தெரியற மாதிரி எடுங்க" என்பார். குழந்தை அழுதால் அப்பா கிலுகிலுப்பையைக் கேமராவுக்குப் பக்கத்தில் ஆட்டுவார். அந்தப் பழைய கிலுகிலுப்பை இன்னும் மேஜை டிராயரில் இருக்கிறது.

இறந்தவர்கள் இருக்கிறார்கள். இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் வாழ்நாளில் ஒரு படம்கூட எடுக்காமல் போனவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் மிச்சம். ராத்திரி சைக்கிளில் ஆள் வந்து கூப்பிடும். அப்பா போய், உடலை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, தலைக்குப் பின்னால் துண்டை மடித்து வைத்து எடுப்பார். நான் பல தடவை விளக்குப் பிடித்திருக்கிறேன். மூடிய கண்ணை நெகடிவிலும் பிரிண்டிலும் டச் செய்து திறந்த கண்ணாக்கித் தரச் சொல்வார்கள். அதற்கு இரண்டு நாள் ஆகும். இறந்தது குழந்தையாக இருந்தால் அப்பா காசு வாங்க மாட்டார். நோட்டில் பாக்கிக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருப்பார்.

பெண் பார்க்க அனுப்பிய படங்கள்தான் அதிகம். இதில் எனக்கு ஒரு மனவருத்தம் உண்டு, இங்கேயே சொல்லிவிடுகிறேன். டச்சிங் மேஜை என்பது சாய்வாக வைத்த பால் கண்ணாடி. கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வெளிச்சத்தை மேலே தள்ளும். நெகடிவின் மேல் டச்சிங் மீடியத்தை ஒரு துளி விட்டுத் துணியால் தேய்த்தால் பென்சில் பிடிக்கும். 2எச் பென்சிலை உப்புத்தாளில் ஊசி போலத் தீட்டி, புள்ளி புள்ளியாக, கோடு தெரியாமல் வைக்க வேண்டும். நெகடிவில் நாம் கறுப்பாக்கும் இடம் பிரிண்டில் வெளுக்கும். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழ்க் கருவளையம், கன்னத்து மரு எல்லாம் அப்படித்தான் போகும். அதுவரை சரி. "கொஞ்சம் கலரா காட்டுங்க" என்று தாய்மார் கேட்பார்கள். நாங்கள் காட்டினோம். பிரிண்டில் நேரத்தைக் குறைத்து, கறுத்த பெண்களை வெளுப்பாக்கி அனுப்பினோம். அப்படிப் போன படத்தை நம்பி வந்துவிட்டு, நேரில் பார்த்ததும் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போன குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பெண் பிறகு என்னிடம் வந்து ஒன்றும் சொல்லவில்லை. பாக்கி 12 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனாள். பிரிண்டில் நாங்கள் அவளுடைய நிறத்தை எடுத்துவிட்டோம். நெகடிவில் அவள் முகத்தின் நிறம் அப்படியே இருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவும் இவை அழியக் கூடாது என்று நினைக்கிறேன்.

2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் அடித்தது. எங்கள் மாவட்டத்தில் அதைப் பற்றி யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தென்னையும் பலாவும் படுத்துவிட்டன, ஓடு பறந்தது. கரண்டு வர வாரக்கணக்கானது. கரண்டு வந்த பிறகு எங்கள் கடைக்கு ஒரு புது வகை வாடிக்கையாளர்கள் வரத் தொடங்கினார்கள். நனைந்த படங்களைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

கீரமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி வந்தார். எழுபது வயது தாண்டியிருக்கும். மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு பிரேமை எடுத்தார். கூரை போன வீட்டுச் சுவரில் தொங்கிய படம். மழையில் ஊறி, பிறகு வெயிலில் காய்ந்து, படம் கண்ணாடியோடு ஒட்டிப்போய்விட்டது. போட்டோ பேப்பரின் மேல் இருப்பது ஜெலட்டின், நனைந்தால் பசைதான். பிரித்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும், தாள் மட்டும் கையில் வரும். அவர் முன்பே ஒரு மூலையில் பிரித்துப் பார்த்திருந்தார். அந்த மூலையில் வெறும் வெள்ளை.

"வீட்டுக்காரர் செத்து முப்பது வருஷம் ஆச்சு தாயி. வேற படம் கிடையாது. ஒங்கப்பாதான் எடுத்தாரு" என்றார்.

எப்போது எடுத்தது என்று கேட்டேன். தேதி தெரியவில்லை. "எம்.ஜி.ஆர். மொத தடவ செயிச்சாரே, அந்த வருசம். மூத்தவன் வயித்துல. ஆடி பொறக்கல." அப்படியென்றால் 1977, ஜூன் அல்லது ஜூலை. நோட்டு எண் 14. அவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு நானும் கடைப் பையனும் வரி வரியாகப் பார்த்தோம். ஊர்ப் பெயரை வைத்துத் தேடினால் ஒரே மாதத்தில் ஆறு பேர். கணவர் பெயரை அவர் வாயால் சொல்ல மாட்டார். கடைசியில் பேரனைப் போனில் பிடித்துக் கேட்டோம். ஜோடி, போஸ்ட்கார்ட் சைஸ், மூன்று காப்பி, அட்வான்ஸ் 5 ரூபாய்.

நெகடிவ் நன்றாக இருந்தது. நெகடிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜரைத் துணி போட்டு மூடி வருஷங்களாகியிருந்தன. அதனால் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் திறந்தேன். முகங்கள் திரையில் வந்ததும் ஆச்சி கணவரை முதலில் பார்க்கவில்லை. தன்னைத்தான் பார்த்தார். வெகு நேரம் பார்த்துவிட்டு, "இந்தச் சீல எனக்கு மறந்தே போச்சு" என்றார். "என்ன கலர் ஆச்சி?" என்று கேட்டேன். "கத்திரிப்பூ. கரை அரக்கு. அவுக அறந்தாங்கிச் சந்தையில வாங்கினது." கறுப்பு வெள்ளைப் படத்தில் இல்லாத ஒன்று அது. நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்: கத்திரிப்பூ, அரக்குக் கரை.

அந்த ஒரு குளிர்காலத்தில் மட்டும் எண்பதுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு நாங்கள் பழைய நெகடிவிலிருந்து படம் எடுத்துக் கொடுத்தோம். எண்பது வீட்டுச் சுவர்களுக்கு மாற்று எங்கள் மாடியில் இருந்தது. அந்த மாடிக்கு மாற்று எங்கேயும் இல்லை.

எல்லா ஸ்டுடியோவிலும் நெகடிவைக் காப்பாற்றி வைக்கவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பக்கத்து ஊரில் எங்கள் கடையைவிட மூத்த கடை ஒன்று இருந்தது. பெரியவர் காலமானதும் பிள்ளைகள் கட்டடத்தை வாடகைக்கு விட்டார்கள். கேள்விப்பட்டு நான் போவதற்குள் பிலிம் எல்லாம் எடைக்குப் போய்விட்டது. கறுப்பு வெள்ளைப் பிலிமில் படத்தைத் தாங்குவது வெள்ளி. அதைக் கரைத்து எடுக்கப் பழைய பிலிமையும் எக்ஸ்ரேயையும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி நெகடிவ்கள் மட்டும் மிச்சம் இருந்தன. கொல்லைப்புறத்தில் ஒரு அம்மா பிளாஸ்டிக் தொட்டியில் சோடா உப்புத் தண்ணீரில் அவற்றை ஊறப்போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். சாமிப் படத்துக்குச் சட்டம் போட நல்ல கண்ணாடி என்றார். தொட்டித் தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருந்தது. தேய்க்காமல் மிச்சமிருந்த பதினொன்றை நான் காசு கொடுத்து வாங்கி வந்தேன். அவற்றில் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல நோட்டு கிடையாது. நோட்டும் எடைக்குப் போய்விட்டது.

நம்மிடம் இடம் இல்லையா என்றால், இருக்கிறது. திருக்கோகர்ணத்தில் உங்கள் துறையின் அருங்காட்சியகம் சமஸ்தானக் காலத்தில், 1910இல் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வரிசையாகக் கூட்டிப்போவார்கள். செப்புத் திருமேனிகளையும் பாடம் செய்த மிருகங்களையும் பார்த்துவிட்டுப் புளியோதரை சாப்பிட்டு வருவோம். எங்கள் மாவட்டத்தின் கல்லும் செம்பும் மரமும் பறவையும் அங்கே இருக்கின்றன. இந்த மாவட்டத்துச் சனங்களின் முகம் அங்கே இல்லை.

போட்டோவுக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. மெட்ராஸ் ராஜதானி அரசின் போட்டோகிராபராக இருந்த லின்னியஸ் டிரைப் எடுத்த படங்களில் புதுக்கோட்டைக்கென்றே ஒரு தனித் தொகுப்பு 1858இல் வந்திருக்கிறது. மெழுகு பூசிய காகித நெகடிவ்களில் அவர் வேலை செய்த காலம் அது. அவர் எடுத்தவை லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. கோயிலையும் அரண்மனையையும் எடுத்தவரின் படங்களுக்குக் குளிர்ந்த அறை கிடைத்துவிட்டது. நான் அதில் பொறாமைப்படவில்லை, சந்தோஷம்தான். அதற்குப் பிறகு வந்த நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காலத்தில் அதே ஊரில் வாழ்ந்தவர்களுக்கும் ஓர் அறை கேட்கிறேன்.

செய்ய முடியாத காரியம் ஒன்றுமில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிப் பிடித்து டிஜிட்டல் பிரதி எடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த உதவியில் அது நடந்தது. நம் அரசு கையில் எடுத்தால் எவ்வளவோ செய்யலாம். ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் பமாக்கோ நகரில் செய்டு கெய்ட்டா என்று ஒரு போட்டோகிராபர் இருந்தார். 1948இல் ஸ்டுடியோ தொடங்கி, வீட்டு முற்றத்தில், படுக்கை விரிப்பைப் பின்னால் கட்டி ஊர்க்காரர்களை எடுத்தவர். எங்கள் அப்பா மாதிரிதான். நெகடிவ்களைப் பெட்டியில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். 1991இல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சியில் அவர் எடுத்த படங்களை வைத்து, எடுத்தவர் பெயர் தெரியவில்லை என்று போட்டார்கள். ஆள் அப்போது உயிரோடு பமாக்கோவில்தான் இருந்தார். பிறகு தேடிப் போய்க் கண்டுபிடித்து, 1994இல் பாரிஸில் அவருக்கென்றே கண்காட்சி வைத்தார்கள். தேடிப் போனபோது அவர் பெட்டி அவரிடம் இருந்தது. அதனால்தான் இன்று பமாக்கோவின் அந்தக் கால மனிதர்களை உலகம் பார்க்கிறது.

நான் கேட்பது கண்காட்சி இல்லை. மாவட்ட அருங்காட்சியகத்தில் ஓர் அறை. குளிர்ச்சியாக, அதைவிட முக்கியமாக ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ஏசியும் ஈரம் உறிஞ்சும் கருவியும் ராத்திரியிலும் ஓட வேண்டும். பகலில் போட்டு மாலையில் அணைத்தால் போடாமல் இருப்பதைவிட மோசம். பிளாஸ்டிக் உறைகள் வேண்டாம், அமிலம் இல்லாத காகித உறை போதும். கண்ணாடி நெகடிவ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் தோசைக்கல்லைச் சாய்ப்பது போல நிறுத்தி வைக்க வேண்டும். காடி வாடை வந்தவற்றை முதல் நாளே தனியாகப் பிரித்து, முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். இதற்கெல்லாம் ஒரு ஆளைப் பழக்க நான் ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் வருகிறேன். எங்கள் தலைமுறையில் டார்க்ரூம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பேராவது இருப்பார்கள். கூப்பிட்டால் வருவார்கள். பத்து வருஷம் கழித்துக் கூப்பிட்டால் எத்தனை பேர் இருப்போம் என்று தெரியாது.

ஸ்டுடியோவை மூடுகிறவர்கள் நெகடிவ்களை மட்டும் கொண்டுவந்தால் போதாது, நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். பெயரும் ஊரும் இல்லாத முகத்தை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

அடுத்தது, எனக்கு ராத்திரி தூக்கம் வராமல் செய்யும் விஷயம். இவை எல்லாம் எங்களை நம்பி உட்கார்ந்தவர்களின் படங்கள். நெகடிவ் என் பீரோவில் இருந்தாலும், 1957ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான் அந்தப் படத்தின் முதல் உரிமையாளர். சட்டத்தை விடுங்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் அனுப்புவதற்காக முக்காட்டைத் தளர்த்திய பெண் இன்று பேரன் எடுத்திருப்பாள். அவள் படம் யாரோ ஒருவரின் போனில் ஓடக் கூடாது. போன வருஷம் வெளியூரிலிருந்து ஒருவர் வந்து, பழைய காலப் பெண்களின் படம் வேண்டும், ஓட்டல் சுவருக்கு அலங்காரமாக மாட்ட, ஒரு நெகடிவுக்கு இவ்வளவு என்று பேசினார். எங்களுக்குப் பணத்தேவை இருந்த மாதம் அது. முடியாது என்று சொல்லி அனுப்பினேன். உங்களிடம் வந்தாலும் அதே காவல் இருக்க வேண்டும். சொந்தக்காரர் நோட்டில் பெயரைக் காட்டிக் கேட்டால் உடனே ஒரு பிரிண்ட் கொடுங்கள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் அறையில் உட்கார்ந்து பார்க்கட்டும். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் எதையும் வெளியில் போட மாட்டோம் என்று விதி எழுதுங்கள். அந்த விதி எழுத்தில் வந்தால் என் மாதிரி பலர் தயக்கமில்லாமல் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

எங்கள் வீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் எல்லோருக்கும் நல்ல நாள் என்றால் எங்களுக்கு வேலை நாள். தீபாவளி, பொங்கல் அன்று புதுத்துணியோடு கடை வாசலில் வரிசை நிற்கும். என் மகனின் முதல் பிறந்தநாளில் நான் ராத்திரி பத்து மணிக்குத்தான் வீட்டுக்குப் போனேன். அம்மா 1998இல் இறந்தபோது மாலை போட ஒரு படம் தேடினோம். 36 வருஷம் போட்டோகிராபருக்கு வாழ்க்கைப்பட்டவர். தனியாக எடுத்த ஒரு படம் கிடையாது. கல்யாணக் குரூப்பில் மூன்றாவது வரிசையில் பாதி முகம். அப்பா அன்று பேசவே இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, டார்க்ரூம் பரணிலிருந்து ஒரு கவரை இறக்கினார். மேலே 'லைட்' என்று எழுதியிருந்தது. புது பல்பு போட்டால், விளக்கை இடம் மாற்றினால், வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க யாரையாவது நாற்காலியில் உட்கார வைத்து ஒரு படம் எடுப்பது வழக்கம். அதற்கு எண் கிடையாது, நோட்டில் ஏறாது. அந்தக் கவருக்குள் 23 நெகடிவ். எல்லாவற்றிலும் அம்மா. அடுப்பு வேலையிலிருந்து பாதியில் வந்து உட்கார்ந்தவர். முந்தானையில் கை துடைத்த ஈரம் தெரிகிறது. ஒன்றில்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் விளக்கைத் திருப்பிக்கொண்டிருக்கும் அப்பாவைத்தான் பார்க்கிறார், சீக்கிரம் விடுங்கள் என்கிற மாதிரி. எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அதில் ஏழாவது.

என் மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். நல்ல பிள்ளை. மாடியை இடித்துவிட்டு வாடகைக்கு விட்டால் உனக்கு மாதம் ஒரு வருமானம் வருமே அம்மா என்கிறான். அவன் சொல்வது நியாயம். முட்டி வலியோடு அந்தப் படியில் நான் இன்னும் எத்தனை வருஷம் ஏற முடியும்? இடிப்பதற்கு முன் அந்தப் பீரோக்கள் போய்ச் சேர ஒரு விலாசம் வேண்டும்.

உங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது ஒருவரை அனுப்புங்கள். கடை காலை 10 மணிக்குத் திறக்கும், மதியம் பூட்ட மாட்டோம், ராத்திரி 8 வரை இருப்பேன். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்றாலும் வருவதாகச் சொன்னால் திறந்து வைக்கிறேன். பெரிய சைஸ் நெகடிவ் பார்க்க லைட் பெட்டி எங்களிடமே இருக்கிறது.

19ஆம் டின்னை மற்றவற்றிலிருந்து பிரித்து, மூடியை எடுத்துவிட்டு, ஜன்னலோரம் தனியாக வைத்திருக்கிறேன். அந்தத் தாயையும் குழந்தையையும் நோட்டில் தேடிப் பிடித்துவிட்டேன். 1976, கேபினட் சைஸ், இரண்டு காப்பி, திருமயம் பக்கம் ஒரு கிராமம். ஒரு காப்பி வெளிநாட்டுக்கு அனுப்ப என்று ஓரத்தில் குறித்திருக்கிறது. அந்தக் குழந்தைக்கு இப்போது 50 வயதை ஒட்டி இருக்கும். அந்த ஊர் டீக்கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
புதுக்கோட்டையில் ஒரு ஸ்டுடியோக்காரி